ஐந்தாவது திருத்தம்

இல்ல சார், அங்கதான் நீங்க தடுக்கி விழறீங்க. நீங்க மட்டும் இல்ல, மெயின்லேண்ட்ல முக்காவாசிப் பேரு விழற எடம் அது. ஜப்பான் சாப்பாடுன்னா பச்சை மீனுன்னு ஒரு நம்பிக்கை நாடு பூரா பரவிக் கெடக்குது. மலேரியாவுக்கு மருந்தடிக்க ஆள் அனுப்புறாங்க. இதுக்கு ஒருத்தரும் வர்றதில்ல. ரிட்டயர்டு கிளார்க்கு நான், என்னால முடிஞ்சது எதிர்ல உக்காந்திருக்கிற ஆளைத் திருத்துறது ஒண்ணுதான். பச்சை மீனு இல்ல சார். பொகை. அவங்க சமையலுக்கு அஸ்திவாரமே பொகைதான்.

அந்தச் சேர் வேணாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ஹேவ்லாக் தீவுலருந்து காலை போட்லயா வந்தீங்க? அதான் கண்ணு இப்படிச் செவந்திருக்கு. உப்புக்காத்தா இருக்கும். கர்சீப் இருந்தா ஒத்திக்கங்க, கசக்காதீங்க. இந்தாங்க, டீ. பாத்து, டம்ளர் சுடும்.

மரந்தானே? சொல்றேன் சார். கேட்டைத் தொறந்ததுலருந்து அந்த மரச்சீவல் எத்தனை மூட்டை இருக்குன்னுதான் கேக்குறீங்க. சென்னையில கடை தொறக்கப் போறீங்க, அதுக்கு வேணும், ரிசார்ட்டுல சாப்பிட்ட அதே வாசனை வேணும். எல்லாம் புரிஞ்சுது. உங்க கார்டு கூட இந்தா பாக்கெட்ல வச்சிருக்கேன். சந்திரமோகன், ப்ரொப்ரைட்டர். நான் முத்துகிருஷ்ணன். இங்க போர்ட்பிளேர்ல, மின்னி பேல வீடு. இது என் வீடு இல்ல, அங்கம்மா வீடு. தெனமும் காலையில வந்து பேப்பர் படிச்சுக் காட்டிட்டுப் போவேன். நாலு நாள் பழைய பேப்பர்தான் இங்க கெடைக்கும், ஆனா அவங்களுக்கு அதுல ஒரு குறையும் இல்ல.

பொகைன்னேன்ல. கொதிக்கிற தண்ணியில ஒரு துண்டு கடல்பாசி, அப்புறம் பொகையில காஞ்ச சூரை மீனைச் சீவி ஒரு பிடி. அதை வடிகட்டினா ஒரு தண்ணி வரும் பாருங்க, அதுதான் ஜப்பான் சமையல். சூப்பு, நூடுல்ஸ், கொழம்பு, எதைத் தொறந்தாலும் அடியில அந்தத் தண்ணி நிக்கும். அந்த மீனுக்குப் பேரு கத்சுவோபுஷி. பேரைக் கேட்டு பயந்துறாதீங்க, நம்ம மாசிதான். சிலோன்லருந்து வந்த தோட்டத்து ஜனங்ககிட்ட மாசின்னு சொல்லிப் பாருங்க, கண்ணை மூடிக்கிட்டு, மாசி போட்டு இடிச்ச சம்பல் கதை சொல்ல ஆரம்பிச்சிருவாங்க. சூரையை நாலாப் பொளந்து, முள்ளெடுத்து, உப்புத் தண்ணியில அவிச்சு, பொகையில போட்டு, வெயில்ல போட்டு, திரும்பப் பொகையில போட்டு... கடைசியில மீனு கட்டையாயிடும். ஜப்பான்காரன் அதுக்கு மேல பூஞ்சை ஏத்தி இன்னும் கொஞ்ச மாசம் வைப்பான். மத்தபடி ரெண்டும் அண்ணன் தம்பி.

கேக்குதா? உள்ள, டக், டக்குன்னு. அது அங்கம்மாதான். மாசியைத் தரம் பிரிக்கிறாங்க. ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டினாலே சொல்லிடுவாங்க, இது தேறும், இது உள்ள ஈரம்னு. முன்னல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாங்க. இப்ப தட்டித்தான். இல்ல சார், உள்ள வேணாம். வீடியோ அப்புறம் எடுக்கலாம். பொகைக் கூண்டையும் பாக்க முடியாது, அது ஒன்றரை மாசமா அணைஞ்சு கெடக்குது. வெலை ஏத்துறதுக்காக சொல்லல. நான் வெலையே பேசலியே. நீங்களா ஏத்திக்கிட்டுப் போறீங்க.

ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். உங்க வீட்டம்மா வரலியா? கல்யாண நாளுக்குத்தான் ஹேவ்லாக் வந்தோம்னீங்க. ஓஹோ, ரூம்ல படுத்திருக்காங்களா. என்ன பண்ணுதாம்? வெளிச்சம் கூசுதாமா. தலைவலியா இருக்கும்னு நெனைக்கிறீங்க. ம். கர்ட்டனைப் போட்டுட்டுத்தானே வந்தீங்க? நல்லது.

இந்த ஜப்பான் சாப்பாட்டுக்கு வந்த யோகத்தை நெனச்சா சிரிப்பு வரும் சார். சுஷின்றது அவங்க ஊர்ல ஒரு காலத்துல தள்ளுவண்டி சாப்பாடு. வேலைக்குப் போற ஆளு ரோட்டோரமா நின்னு கையால எடுத்து ரெண்டு வாய் போட்டுக்கிட்டு, அங்கயே தொங்குற துணியில கையைத் துடைச்சிட்டுப் போவான். இன்னைக்கு அதையே நியூயார்க்ல, துபாய்ல, உங்க சென்னையில, தட்டுல ஒண்ணு வச்சு, மங்கலா லைட் போட்டு, ஆறு மாசம் முன்னாடியே பேரு குடுத்துட்டு வந்து சாப்பிடறான். சூரையோட வயித்துக் கொழுப்பு இருக்கே, அதை அந்தக் காலத்துல பூனை கூட தாண்டிப் போயிடும்னு சொல்லுவாங்களாம். இப்ப அதுதான் ஒசத்தி. பச்சையா ஒரு காரம் வப்பாங்களே, வசாபி, முக்காவாசிக் கடையில அது வசாபியே இல்ல, வேற ஏதோ கிழங்கை அரைச்சு பச்சைச் சாயம் போட்டது. சாப்பிடறவனுக்கு அதுவும் தெரியும்னு நெனைக்கிறேன். அவன் நாக்குக்கு சாப்பிடல சார், பக்கத்து மேசைக்காரன் பாக்கணும்னு சாப்பிடறான்.

நீங்க சிரிக்கிறீங்க. இதே போர்ட்பிளேர்ல நாப்பத்திரெண்டுல ஜப்பான்காரன் வந்து எறங்கினான், மூணு வருஷம் இருந்தான். கடலோரமா அவன் கட்டின காங்கிரீட் பொந்து இன்னும் இருக்கு, வர்ற வழியில பாத்திருப்பீங்க. அந்த மூணு வருஷத்துல ஊரு பட்டினியில கெடந்துச்சு. இலையும் காட்டுக் கெழங்கும் தின்னாங்க. அப்பவும் ஜப்பான் சாப்பாடு இங்க இருந்துச்சு, அவன் தட்டுல. ஒருத்தரும் அதைப் போட்டோ எடுக்கல. அதே ஜப்பான் சாப்பாட்டை ஹேவ்லாக்ல மெனு கார்டுல பாத்தப்ப எனக்கு... சரி விடுங்க, அது வேற கதை.

அங்கம்மா கதைக்கு வர்றேன். அவங்க மொதல்ல சிலோன் மலைத்தோட்டத்துல தேயிலை கிள்ளினவங்க. எழுபதுகள்ல ஒப்பந்தம் போட்டு, கப்பல்ல ஏத்தி, ஒரு கூட்டத்தைக் கச்சால் தீவுல கொண்டாந்து விட்டாங்க. ரப்பர் தோட்டம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ரப்பர்ப் பாலு வெட்டினாங்க அங்கம்மா. விடியக்காலையில மரத்துக்கு மரம் போயி, பட்டையைக் கீறி, சிரட்டையை வச்சு. பாலைக் கட்டியாக்கி, ஷீட்டா உருட்டி, பொகைக் கூண்டுல தொங்க விடுவாங்க. ரப்பர் ஷீட்டுக்குப் பொகை போடணும் சார், இல்லைன்னா பூத்துப் போயிடும். அந்தப் பொகைக்கு எரிக்கிறதும் ரப்பர் மரந்தான், பாலு வத்திப்போன கெழட்டு மரம். அதே கூண்டுல ஒரு மூலையில சூரையைத் தொங்க விட்டாங்க இவங்க. அப்படித்தான் மாசி. தோட்டத்து மேஸ்திரி பாத்தா திட்டுவாராம், ஷீட்டெல்லாம் மீனு நாறுதுன்னு. திட்டிட்டு அவரே ரெண்டு கட்டை கேட்டு வாங்கிட்டுப் போவாராம்.

சுனாமிக்கு முந்தின நாள் இவங்க மக பிரசவத்துக்காக இங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாங்க. அதனால இவங்க ரெண்டு பேரும் இருக்காங்க. கச்சால்ல இருந்த மத்தவங்க இல்ல. அதுக்கு மேல நான் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. மக இப்ப கேம்பல் பேல இருக்கு, புருஷனுக்கு அங்க வேலை. இவங்க இங்கயே தங்கிட்டாங்க. தகரக் கூரை, பின்னாடி ஒரு பொகைக் கூண்டு, மாசத்துக்குப் பத்து கிலோ மாசி. தோட்டத்து ஜனங்க வாங்குவாங்க. அவ்வளவுதான் வியாபாரம். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

தொந்தரவு நான்தான்.

ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல என் சம்பந்தி ஊர்லருந்து வந்தாருன்னு ஹேவ்லாக் கூட்டிட்டுப் போனேன். அந்த ரிசார்ட்டுல உக்காந்து டீ குடிக்கலாம்னு போனா, மெனுவுல ஜப்பான் பக்கம்னு ஒண்ணு. அதுல கத்சுவோபுஷிக்கு நேரா ஏதோ நெத்திலிக் கருவாடுன்னு அர்த்தம் போட்டிருந்தான். எனக்குத் தாங்கல. வீட்டுக்கு வந்து நாலு பக்கம் லெட்டர் எழுதினேன். அது சூரை, கருவாடும் இல்ல, அதோட ஒண்ணுவிட்ட தம்பி போர்ட்பிளேர்ல ஒரு அம்மா கையில தயாராகுதுன்னு. அது மொதல் லெட்டர். அந்த செஃப் சுரேந்திரன், நல்ல பையன்தான், கப்பலேறி வந்துட்டான். அங்கம்மா ஒரு கட்டையைச் சீவிக் குடுத்தாங்க. வாயில போட்டான். அப்புறம் மாசம் அறுபது கிலோ வேணும்னான்.

எனக்குப் பெருமை தாங்கல. இப்ப சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா அப்ப மின்னி பேல எதிர்ல வர்றவன் பூராத்தையும் நிறுத்தி வச்சு சொன்னேன்.

அடுத்த லெட்டர் வசாபியைப் பத்தி. மூணாவது, சக்கரவர்த்தி விரும்பிச் சாப்பிட்டதுன்னு மெனுவுல போட்டிருந்தான், எந்தச் சக்கரவர்த்தி, ஆதாரம் என்னன்னு கேட்டு. நாலாவதுதான் முக்கியம். விளம்பரத்துக்கு ஒரு போட்டோ போட்டிருந்தாங்க, சோத்துக் கிண்ணத்துல ரெண்டு குச்சியை நட்டமா குத்தி வச்சு. அவங்க ஊர்ல அது செத்தவங்களுக்கு வைக்கிற சோறு சார். சாப்பிட வர்றவனுக்கு அப்படிப் போட்டோ காட்டக்கூடாது, அபசகுனம்னு எழுதினேன். நாலாவது லெட்டரை அவங்க ஸ்டாஃப் ரூம் போர்டுல ஒட்டி வச்சு சிரிச்சாங்கன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு பேரும் வச்சிருக்காங்களாம், மாஸ்டர்ஜின்னு. வர்றான் பாரு மாஸ்டர்ஜி, செவப்பு மையோடன்னு. அந்தப் போட்டோவை இன்னும் மாத்தல.

நீங்க பாத்தீங்களா அதை? உங்க ரூம்லயே மாட்டியிருக்கா. ம்.

டீ ஆறுது சார். டம்ளர் அங்க இல்ல, இந்தக் கைப்பக்கம்.

அறுபது கிலோன்னா வெறகு வேணும்ல. இங்க காட்டுல ஒரு குச்சி ஒடிக்க முடியாது, ரூல் அப்படி. தேங்காய் மட்டையும் ஓடும் எத்தனை நாளைக்கு வரும்? இவங்களுக்கு ரப்பர் மரம் எரிச்சுத்தான் பழக்கம், இங்க ரப்பர் ஏது. அப்பத்தான் நான் யோசனை சொன்னேன். பூகம்பத்துல தரை எறங்கிருச்சு, தெரியும்ல? இந்தச் சரிவுக்குக் கீழ நெல்லு வயலா இருந்த எடத்துல இன்னைக்கும் கடல் நிக்குது. அதோ பாருங்க, தெரியுதா, வெள்ளை வெள்ளையா பட்டுப்போன மரமெல்லாம் தண்ணியில நிக்குது. தெரியலியா? சரி, வெயில் எதிர்ல அடிக்குது, விடுங்க. அந்த மரம் ஒருத்தருக்கும் சொந்தமில்ல, செத்த மரம், யாரும் கேக்கமாட்டாங்க, அதைக் கொண்டாங்கன்னு சொன்னேன்.

அங்கம்மா யோசிக்காம எடுக்கிற ஆளு இல்ல. ஒரு கிளையைக் கொண்டாந்து எங்கிட்ட காட்டினாங்க. முழுசாச் சாகாத கிளை. வெட்டின எடத்துல வெள்ளையா பாலு வடியுது. கிளார்க்கய்யா, இதுவும் நம்ம ரப்பர் சாதிதானான்னு கேட்டாங்க. முகமெல்லாம் சந்தோஷம் அவங்களுக்கு. இருபத்தஞ்சு வருஷம் பாலு வடியிற மரம் சோறு போட்ட மனுஷிக்கு, பாலைக் கண்டா பயம் வருமா சார்? வேற யாரா இருந்தாலும், கடலோரத்துல பொறந்தவங்களா இருந்தா, அந்தப் பாலைப் பாத்ததும் ஓடியிருப்பாங்க.

நான் இலையைத் திருப்பிப் பாத்தேன். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டேன். முப்பது வருஷம் ஒரு சர்க்கார் ஆபீஸ்ல மர லிஸ்ட் டைப் அடிச்சவன் நான், எந்த மரம் எந்தக் குடும்பம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆமா அங்கம்மா, ரப்பரும் இதுவும் ஒரே குடும்பந்தான்னேன்.

சரியான தகவல் சார் அது. இன்னைக்கும் எந்தப் புத்தகத்தை வேணாலும் பொரட்டிப் பாருங்க. அதுல பிழை கெடையாது.

அந்த மரத்துப் பொகை தனி வாசனை. இனிப்பா, கொஞ்சம் மருந்து மாதிரி. சுரேந்திரன் மயங்கிட்டான். மீனு மட்டும் போதாது, மரத்தைச் சீவிக் குடுங்கன்னான். மூணு மூட்டை போச்சு. அதுக்கப்புறந்தான் அந்தக் கண்ணாடிக் கூண்டு வித்தை. நீங்க பாத்தீங்களே, ஏன், வீடியோவே எடுத்திருக்கீங்க. மேசையில தட்டு, தட்டு மேல கண்ணாடி கவுத்திருக்கும், உள்ள பொகை சுத்திக்கிட்டு நிக்கும். லைட்டைக் கொறைப்பான். மூஞ்சியைக் கிட்ட கொண்டு வாங்க, நல்லா இழுங்கம்பான். டக்குன்னு தூக்குவான். சுத்தி இருக்கிறவன் பூரா போனைத் தூக்குவான். ஒரு கிண்ணம் சூப்பு ஆயிரத்து நானூறு. ஜப்பான்ல எவனும் அப்படிக் குடிச்சதில்ல, அது உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் மூணு ராத்திரியும் முன் மேசை கேட்டு வாங்கியிருக்கீங்க. ரெண்டு பேரும் குனிஞ்சீங்களா? ரெண்டு பேருந்தான். ஆமா, கல்யாண நாளு.

இன்னைக்கும் புக் பண்ணியிருக்கீங்களா. இன்னைக்கு ஏதோ கம்பெனி ஆளுங்க நாப்பது பேரு வர்றாங்கன்னு சொன்னீங்களே, எல்லா மேசைக்கும் கூண்டா?

சத்தம் நின்னுபோச்சு கவனிச்சீங்களா, உள்ள. நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குது. கேக்கட்டும். ஒண்ணும் இல்ல அங்கம்மா, மெட்ராஸ்லருந்து ஒரு சார் வந்திருக்காரு, பேசிட்டிருக்கோம்.

ஒச்சப்பன்னு ஒருத்தன், ராமநாதபுரம் கடக்கரைக்காரன், எங்களுக்கு சூரை கொண்டாந்து போடறவன். எப்பவும் போட் ஜெட்டியில வச்சே மீனைக் குடுத்துட்டுப் போயிடுவான். ஒரு நாள் மட்டும் வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்தான். கூண்டுலருந்து பொகை வந்துட்டிருக்கு. அதோ அந்தக் கேட்டுகிட்ட நின்னான். மீன் கூடையைக் கீழ வச்சுட்டு, தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து மூஞ்சியை மூடினான். காத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தி வந்து, வெறகுக் கட்டையைக் காலால பொரட்டிப் பாத்தான். அப்புறந்தான் பேசினான். அண்ணே, தில்லையைப் போயி எரிக்கிறீங்களே, எங்க ஊர்ல இதை வெட்டப் போறவன் கண்ணைக் கட்டிக்கிட்டுப் போவான்னான்.

தில்லை சார். சிதம்பரத்துக்கே பேரு குடுத்த மரம். தில்லைன்னு வர்ற பாட்டு எனக்கு ஐம்பது மனப்பாடம். அதோட லத்தீன் பேரை எழுத்துப் பிழை இல்லாம நூறு தடவை டைப் அடிச்சிருக்கேன். பாட்டுல தெரியும், பைல்ல தெரியும். எதிர்ல வந்து பாலு வடிய நின்னப்போ யாருன்னு தெரியல. பாலு கண்ணுல பட்டாலும் போச்சு, பொகை பட்டாலும் போச்சு. காஞ்ச மரந்தானே, ஒண்ணும் பண்ணாதுன்னா அதுவும் கெடையாது, காஞ்சாலும் வெஷம் போகாது.

அதுக்குள்ள அங்கம்மா அந்தக் கூண்டுகிட்ட ரெண்டு மாசம் நின்னாச்சு. கண்ணு எரியுதுன்னு சொன்னாங்கதான். பொகைகிட்ட நிக்கிறவங்களுக்குக் கண்ணு எரியாம என்ன, பன்னீர் ஊத்திக் கழுவுங்கன்னு நான்தான் சொன்னேன். வெளிச்சம் கூசுதுன்னாங்க. வயசாகுது, தலைவலியா இருக்கும்னேன். பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, கருவிழி பூரா தழும்புன்னாங்க. ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம்னாங்க. இப்ப ஆளு நிழலாட்டம் தெரியுது அவங்களுக்கு. நான் வந்தா செருமிட்டுத்தான் உள்ள போறேன். இதுவரைக்கும் ஒரு வார்த்தை என்னைச் சொல்லல சார் அவங்க. அன்னைக்கு மட்டும் கேட்டாங்க. அய்யா, அப்ப ஒரே குடும்பம்னு சொன்னது பொய்யான்னு. இல்ல அங்கம்மா, அது நெசந்தான்னேன். அப்புறம் சரின்னுட்டாங்க.

அன்னைக்கே ரிசார்ட்டுக்கு எழுதினேன். அதுதான் அஞ்சாவது லெட்டர். அந்த மரத்தை எரிக்காதீங்க, மூட்டையைத் தண்ணியில தள்ளுங்கன்னு. பதில் இல்ல. போன் பண்ணினேன். சுரேந்திரன் எடுத்தான், சீசன் நேரம், பின்னாடி ஒரே சத்தம். மாஸ்டர்ஜி, உங்க லெட்டர் வந்துச்சு, அங்கதான் வச்சிருக்கேன், கூட்டம் கொறஞ்சதும் எல்லாத்தையும் சேத்துத் திருத்திடறேன்னு, நான் விஷயத்துக்கு வர்றதுக்குள்ள வச்சுட்டான். பிரிக்கல சார் அவன். என் கையெழுத்தைப் பாத்ததும் நாலோட அஞ்சா வச்சுட்டான். நேர்ல போனேன். கேட்டுல செக்யூரிட்டி போனைப் போட்டு உள்ள கேட்டுட்டு, சிரிப்பை அடக்கிக்கிட்டு, சார் மெனுவுல ஏதாவது தப்பா, எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னான். எழுதிக் குடுத்தேன். அது ஆறாவது.

அதனால நீங்க வந்து நின்னதும், எதை மொதல்ல சொல்றதுன்னு தெரியாம... பச்சை மீன்லருந்து ஆரம்பிச்சுட்டேன். எனக்கு அப்படித்தான் சார் பேச வரும். செவந்த கண்ணைப் பாத்ததுமே சொல்லியிருக்கணும். உப்புக்காத்தா இருக்கும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்.

மிச்சம் இருக்கிற மரம் பின்னாடிதான் கெடக்கு. எரிச்சும் ஒழிக்க முடியல பாருங்க. உங்களுக்குத் தரமாட்டேன்.

இல்ல சார், கோவப்படுங்க, பரவால்ல. அதுக்கு முன்னாடி ரிசார்ட்டுக்கு ஒரு போன் பண்ணி அந்தப் பொகையை நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னா மாஸ்டர்ஜி, நீங்க சொன்னா கஸ்டமர். இன்னைக்கு நாப்பது பேரு வர்றாங்க. மொதல்ல உங்க வீட்டம்மாவை நல்ல தண்ணியில கண்ணைக் கழுவச் சொல்லுங்க, கசக்க வேணாம்னு சொல்லுங்க. அவங்களை அடுத்த போட்லயே ஏத்தி அனுப்பச் சொல்லுங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் மூணு ராத்திரிதானே, டாக்டரம்மா சீக்கிரம் பாத்தா...

நம்பர் கெடைக்கலியா? அதுலதான் இருக்கும், நல்லாப் பாருங்க. இன்னும் கிட்ட வச்சுப் பாருங்க. சரி, குடுங்க, நானே போட்டுத் தர்றேன். ரிங்கு போகல. ஹேவ்லாக் டவரு இப்படித்தான், காத்தடிச்சா விழுந்துரும். கொஞ்சம் பொறுத்துப் போடுவோம்.

எந்திரிச்சுட்டீங்களா. ஜெட்டிக்கா? ரெண்டு மணிக்கு போட்டு இருக்கு, இன்னும் நேரம் கெடக்கு. அதுக்குள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம், நானும் வர்றேன், கீழ ரோட்டுல பழனிசாமி ஆட்டோ நிக்கும். அங்கம்மா, நான் சாரோட ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வர்றேன்.

மெதுவா. அது அங்கம்மா செருப்பு சார். உங்களுது கறுப்பு ஷூ. இந்தப் பக்கம்.